முப்பத்து மூன்று மதிப்பெண்

அத்தியாயம் 14

இரண்டு நாட்களாக அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மெட்டில்டாவுக்கு இருந்தது.

புதன்கிழமை மாலை ஹில்டா தன் கணக்கு விடைத்தாளைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எலியேசர் கையெழுத்துப் போட்டார். தாளின் தலைப்பில் சிவப்பு மையில் முப்பத்து மூன்று என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அந்த மதிப்பெண்ணைப் போட்ட அவர் மனைவி மெட்டில்டா அவருக்குப் பக்கத்தில்தான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. இரண்டு மார்க்கில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்த வீட்டைப் பொறுத்தவரை முழுகத்தான் போகிறது.

மெட்டில்டா கணக்கு டீச்சராக இருக்கும் சேலையூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. செலக்‌ஷன் பரீட்சையில் எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்துக்குக் கீழே போன பெண்ணை மார்ச் மாதத்து எஸ்.எஸ்.எல்.சி.க்கு அனுப்பமாட்டார்கள். ஒரு வருஷம் நிறுத்திவைப்பார்கள். ராஜ்யம் முழுவதும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை அது. ரிசல்ட் வரும்போது பள்ளிக்கூடத்தின் பெயருக்குப் பக்கத்தில் நூற்றுக்கு நூறு என்று நிற்க வேண்டும். போன வருஷம் ராஜ்யத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறிவிட்டது. இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

ஹில்டாவுக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த எலியேசரின் அக்காள், பாளையங்கோட்டையிலிருந்து பலகாரத்தோடு ஒரு பேச்சையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "என் மகன் ஏசுதாசனுக்கு உன் மகளைக் கொடு" என்பது அந்தப் பேச்சு. மாப்பிள்ளைக்கு முப்பது நெருங்குகிறது. ஹில்டாவுக்குப் பதினேழு. அவளுக்கு நர்ஸிங் படிக்க வேண்டும். இந்த வருஷம் சபையிலிருந்து ஒரு பெண்ணை மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஹில்டாவைத்தான் மனதில் வைத்திருப்பதாகப் போதகரே சொல்லியிருந்தார்.

அக்காளுக்கு முன்னால் எலியேசருக்கு எப்போதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எப்படியோ தைரியம் வந்து, "இந்தத் தடவையே தேறிட்டா நர்ஸிங் போகட்டும்க்கா. தவறிட்டா உங்க வீட்டு மருமக" என்று சொல்லிவிட்டார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மகள் தவறுவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அதிலும் தாயின் பேனாவால்.

அன்று வெள்ளிக்கிழமை. யார் யார் மார்ச்சில் எழுதலாம் என்ற முடிவு மறுநாள் காலை பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டப்படும்.

காலையில் மெட்டில்டா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"டீச்சரம்மா! கெளம்பிக்கினீங்களா?"

லூர்தம்மாள். சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் ஆயா. அவள் மகள் செல்வமேரியும் ஹில்டாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"வாங்க லூர்தம்மா. உள்ளே வாங்க."

"உள்ள வர்றதுக்கு இன்னாம்மா நேரம் கீது? டூட்டிக்கு ஓடணும். இந்தாங்க, நம்ம வூட்டு மரத்துல காச்சது." ஒரு கட்டு முருங்கைக்காயை நீட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க? எம்பொண்ணு கணக்குல பாஸாயிட்டா. முப்பத்தாறு! அவ அப்பன் உயிரோட இருந்தா பேட்டை பூரா சொல்லிகினு திரிஞ்சிருப்பான்."

"அவ உழைச்சா. அதுக்கு வந்த மார்க்."

"உங்க பாப்பாதாம்மா சொல்லிக்குடுத்துச்சு. தெனம் சாயங்காலம் ரெண்டும் எங்க வூட்ல குந்திகினு கணக்கு போடும். அதான் பாருங்க, தப்பு பண்ணாக்கூட ரெண்டும் ஒரே எடத்துல ஒரே மாதிரி பண்ணி வெச்சிகீதுங்களாம். மேரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சிச்சு." லூர்தம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பறம் இன்னான்னு தெரியல, ராத்திரி பூரா அழுதுகினு இருந்துச்சு. நீங்கதான் இன்னான்னு கேக்கணும்."

மாணவிகள் வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம்கூட வாங்காதவள் மெட்டில்டா. அன்றைக்கு முருங்கைக்காய்க் கட்டை மறுக்கத் தோன்றாமல் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பினாள். அறைக்கதவருகே ஹில்டா சடையைப் பின்னிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தாயின் கண்ணைச் சந்தித்ததும் ரிப்பனை எடுக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். தாயும் மகளும் சேர்ந்தேதான் போவார்கள். ஆனால் கேட்டுக்குள் கால் வைத்ததும் மெட்டில்டா தாய் இல்லை, டீச்சர். ஹில்டா ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கேட்டுக்கு வெளியே அவளை நிறுத்தி மெட்டில்டா சொல்லியிருந்தாள்: "உள்ளே போனா நான் உனக்கு அம்மா இல்லை. எல்லாப் பிள்ளைகளும் கூப்பிடற மாதிரி டீச்சர்னுதான் கூப்பிடணும். ஸ்கூல் விஷயத்தை வீட்டிலேயும் பேசக் கூடாது. டீச்சர் மகள்னு உனக்கு ஒரு சலுகையும் கிடையாது. புரியுதா?" குழந்தை தலையாட்டியது. ஒருமுறை விளையாட்டு மைதானத்தில் விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் கொட்டியபோதுகூட, "டீச்சர், டீச்சர்" என்றுதான் அழுதுகொண்டு ஓடி வந்தது. அதைப் பார்த்து மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். மெட்டில்டாவுக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதை நினைத்தபோது பெருமை வரவில்லை.

கேட்டருகே ஹில்டா வழக்கம்போல் இரண்டு எட்டு பின்வாங்கினாள். "குட் மார்னிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்து நடந்தாள்.

ஆசிரியைகள் அறையில் வரலாற்று டீச்சர் திரிபுரசுந்தரி புதிதாக வந்த தையல் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மெட்டில்டாவைக் கண்டதும் அவள் குரல் உயர்ந்தது.

"இதோ வராங்க பாருங்க, இவங்களைப் பத்தித்தான் சொல்லிண்டிருந்தேன். பெத்த பொண்ணு பேப்பரைத் தானே திருத்தி முப்பத்து மூணு போட்டாங்க. நானா இருந்தா கை வந்திருக்குமா? நேர்மைன்னா மெட்டில்டா டீச்சர்தான்."

புதனும் வியாழனும் இதே பேச்சைக் கேட்டபோது உள்ளுக்குள் இனித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். மகள் தவறிய துக்கத்தோடு துக்கமாக அந்த இனிப்பும் இருந்தது. இன்று அதே வார்த்தை முள்ளாகக் குத்தியது. பீரோவைத் திறந்து பதினொன்றாம் வகுப்பின் கணக்குத் தாள் கட்டை எடுத்தாள்.

இரண்டு தாள்களை உருவி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வட்டத்தைப் பற்றிய தேற்றம். படத்தில் கோட்டை நீட்டியிருக்கிறார்கள். நீட்டியதாக எழுத இரண்டு பேருமே மறந்திருக்கிறார்கள். செல்வமேரிக்கு ஒரு மார்க் குறைத்திருந்தாள். ஹில்டாவுக்கு மூன்று.

தோட்டத்துப் பரப்பளவு. விடை சரி. 'சதுர அடி' என்று இரண்டு தாளிலும் இல்லை. செல்வமேரியின் தாளில் அதன்மேல் சிவப்பு மையே படவில்லை. ஹில்டாவின் தாளில் ஒரு மார்க் போயிருந்தது.

கடைசிக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே வரியில் கூட்டல் கழித்தலாகியிருந்தது. செல்வமேரிக்கு வழிமுறைக்காக இரண்டு மார்க் கொடுத்து, 'கவனம் தேவை' என்று பரிவோடு எழுதியிருந்தாள். ஹில்டாவின் தாளில் குறுக்கே ஒரு கோடு. பூஜ்யம்.

மெட்டில்டா கட்டிலிருந்து இன்னும் நாலைந்து தாள்களை எடுத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் செல்வமேரிக்குப் போட்ட மாதிரிதான் போட்டிருந்தாள். வகுப்பு முழுவதற்கும் ஓர் அளவுகோல். பெற்ற மகளுக்கு மட்டும் வேறு ஒன்று.

மற்றவர்களைப் போலத் திருத்தியிருந்தால் ஹில்டாவுக்கு முப்பத்தெட்டு.

அவளுக்குத் தாள் திருத்திய இரவு ஞாபகம் வந்தது. ஹில்டாவின் தாளைக் கையில் எடுத்ததும் மனதுக்குள் யார் யாரோ வந்து சுற்றி நின்றார்கள். "டீச்சர் பொண்ணாச்சே, போடாம இருப்பாங்களா?" என்று சொல்லப்போகிற வாய்களெல்லாம் அந்தக் காகிதத்தின்மேல் தெரிந்தன. அந்த வாய்களை அடைக்கத்தான் ஒவ்வொரு மார்க்காக வெட்டினாள். வெட்டி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டாள். அது பயம். வெறும் பயம்.

முதல் மணி அடித்ததும் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள்.

ரத்தினபாய் அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கென்றே வாழ்கிறவர். பள்ளி வளாகத்திலேயே குடியிருப்பு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பரீட்சைக்கு முன்னாலேயே நான் என்ன சொன்னேன் மெட்டில்டா? ஹில்டா பேப்பரை மட்டும் வெளியே யார்கிட்டேயாவது கொடுத்துத் திருத்தலாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மெட்டில்டாவுக்கு மறக்கவில்லை. 'என்மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா மேடம்?' என்று கேட்டிருந்தாள். கண்ணில் நீரோடு வேறு.

"தப்பு என்னோடதுதான் மேடம். அதை இப்பவே சரி பண்ணிடலாம்."

"எப்படி? நாளைக்குப் பலகையில போடப்போறோம். இன்னிக்கு ஒரு டீச்சர் தன் மகளுக்கு மட்டும் அஞ்சு மார்க் ஏத்தறாங்க. இன்னும் மூணு பெண்களை நிறுத்திவைக்கப்போறேன். அந்தத் தாய் தகப்பன் வந்து கேட்டா நான் எந்த முகத்தோட பதில் சொல்றது?"

மெட்டில்டா மேஜைமேல் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் ரத்தினபாய். "குரோம்பேட்டை பையன்கள் ஸ்கூல்ல சுந்தரராமன் சார் இருக்காரில்ல? அவர்கிட்ட அனுப்பறேன். பேர் மறைச்சு அனுப்பறேன். அவர் போடற மார்க்தான் மார்க். உங்க பேருக்கும் கெடுதல் இல்லை. ஆனா ரெண்டு பேப்பரும் போகும்."

"ரெண்டுமா?"

"ஒரே மாதிரி எழுதியிருக்காங்க, ஒரே மாதிரி திருத்தலைன்னு நீங்கதானே இப்ப கொண்டுவந்து காட்டினீங்க? இதைப் பார்த்தப்புறம் ஒண்ணை மட்டும் எப்படி அனுப்பறது? ரெண்டும் போகணும். இல்லைன்னா ரெண்டும் இருக்கிறபடி இருக்கட்டும். ராத்திரிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. விடிஞ்சதும் ஆள் அனுப்பித் திருத்தி வாங்கிடலாம். நான் வீட்டிலேதான் இருப்பேன்."

சுந்தரராமன் சாரைத் தெரியாத கணக்கு டீச்சர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. 'சதுர அடி' விட்டுப்போனால் அவருக்கு அது கொலைக்குற்றம். அவர் கையில் ஹில்டா தப்பலாம், தப்பாமலும் போகலாம். செல்வமேரி தப்பவே மாட்டாள். முப்பத்தாறில் இரண்டு குறைந்தாலும் அவள் கதை முடிந்தது. லூர்தம்மாள் இன்னொரு வருஷம் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாளா? சானடோரியத்துக்கு ஆயா வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அன்று பிற்பகல் பதினொன்றாம் வகுப்பில் மெட்டில்டா பாடம் நடத்தினாள். இரண்டாவது பெஞ்சில் அந்த இரண்டு பெண்களும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவளால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. கரும்பலகையைப் பார்த்தே முழு வகுப்பையும் ஓட்டிவிட்டாள்.

எலியேசர் எழும்பூர் ரயில்வே ஆபீஸிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து நடந்து வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"அக்கா வராங்க. ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டாங்க. நாளைக் காலம்பற தாம்பரத்துல இறங்கறாங்களாம். ஹில்டாவை நிறுத்திவைச்ச விஷயம் எப்படியோ காதுக்குப் போயிடுச்சு."

"இன்னும் நிறுத்திவைக்கலைங்க."

"நாளைக்குப் பலகையில போட்டா என்ன, இன்னிக்குப் போட்டா என்ன?" அவர் நாற்காலியில் சரிந்தார். "நான் அக்காகிட்ட வார்த்தை கொடுத்திருக்கேன் மெட்டில்டா."

"உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவள் சொன்னாள். தேற்றம், சதுர அடி, குறுக்கே போட்ட கோடு, எதையும் விடவில்லை. ரத்தினபாய் அம்மாள் சொன்ன வழியையும் சொன்னாள். எலியேசர் கோபக்காரர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"புதன்கிழமை அவ பேப்பரை நீட்டினப்ப, நான் பொண்ணுமேலதான் வருத்தப்பட்டேன்" என்றார். "படிக்கலைன்னு நினைச்சேன். அவகிட்ட ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசலை."

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டையும் அனுப்பிடு. நம்ம பொண்ணு பிழைச்சா போதும்" என்றார்.

"வேண்டாம்ப்பா."

ஹில்டா சமையலறை வாசலில் நின்றாள். காலையில் வந்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் நார் ஒட்டியிருந்தது.

"மேரி பேப்பர் போகக் கூடாது. அவ பாஸானது பாஸானதுதான். அவளுக்குப் போட்ட மார்க்தான் எல்லாருக்கும் போட்ட மார்க்."

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"புதன்கிழமையே. ரெண்டு பேரும் பேப்பரைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். முதல்ல சிரிச்சோம். அப்புறம் மேரி அழுதா. டீச்சர்கிட்ட போய் எனக்கும் குறைக்கச் சொல்றேன்னா. நான்தான் விடலை."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது?" ஹில்டா கையில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்தாள். "வீட்டிலே அம்மாகிட்ட சொன்னா, ஸ்கூல் விஷயத்தை வீட்டிலே பேசாதேம்பீங்க. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட சொன்னா, மகள்ங்கிறதால கேக்கறேன்பீங்க. நான் எங்கே நின்னுக்கிட்டுச் சொல்றது?"

மெட்டில்டா மகளை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

"மேரிக்கு நீங்க வெறும் டீச்சர்" என்றாள் ஹில்டா. "எனக்கும் வெறும் டீச்சரா இருந்திருந்தா நான் பாஸாகியிருப்பேன்."

அழுகையோ ஆத்திரமோ இல்லாமல், கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டாள்.

எலியேசர் தரையைப் பார்த்தார். மெட்டில்டா இத்தனை வருஷமாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தின் அடிப்பக்கத்தை மகள் திருப்பிக் காட்டிவிட்டாள். இந்தப் பெண்ணிடமிருந்து தாயையும் பறித்து, டீச்சரையும் பறித்து, அந்த இடத்தில் தன் நல்ல பெயரை உட்காரவைத்திருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு வழி தெரிந்தது. காலையிலிருந்தே அது கண் முன்னால் இருந்திருக்கிறது. தெரியாத மாதிரி அவள்தான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். சுந்தரராமன் சாரிடம் அனுப்பினால் காப்பாற்றப்படுவது ஹில்டாவும் இல்லை, செல்வமேரியும் இல்லை. மெட்டில்டா டீச்சரின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டால் இரண்டு பெண்களும் பிழைப்பார்கள்.

பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் எலியேசர்.

"மேடம் வீட்டுக்கு. ரெண்டு பேப்பரும் எங்கேயும் போக வேண்டாம்னு சொல்லப்போறேன். ஹில்டாவோட மார்க்கை நானே திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடப்போறேன். எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"ஊர் என்ன சொல்லும் தெரியுமா?"

"தெரியுங்க. பொண்ணுக்கு மார்க் போட்டுட்டாங்கன்னு சொல்லும். எந்தப் பேச்சுக்குப் பயந்து வெட்டினேனோ, அதே பேச்சு."

"வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கேம்ப் ரோட்டில் தாம்பரம் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று தெரிந்தது. ஹில்டா டார்ச் விளக்கை அடித்தபடி, ஆனால் கூட நடக்காமல், நாலைந்து எட்டு தள்ளியே வந்தாள். கேட்டருகே வழக்கம்போல் நின்றுவிட்டாள். மெட்டில்டாவும் ஒரு கணம் நின்றாள். வா என்று கூப்பிட ஆசையாக இருந்தது. கூப்பிடும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் உள்ளே நடந்தாள்.

ரத்தினபாய் அம்மாள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. அவர் மட்டும் இருப்பார் என்று நினைத்திருந்தாள். திரிபுரசுந்தரி டீச்சரும் இருந்தாள். பலகையில் ஒட்ட வேண்டிய பெயர்களை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் பள்ளிக்கூடத்தின் கரெஸ்பாண்டன்ட் ஞானையா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர்களை வேலைக்கு வைப்பதும் எடுப்பதும் அவர்தான்.

"வாங்க மெட்டில்டா" என்றார் ரத்தினபாய். "முடிவு பண்ணிட்டீங்களா? ரெண்டு பேப்பரும் போகட்டுமா?"

"இல்லை மேடம்."

"அப்போ இருக்கிறபடியே இருக்கட்டுமா?"

"அதுவும் இல்லை. செல்வமேரிக்குப் போட்டது சரியான மார்க். அதை யாரும் தொடக் கூடாது. என் மகளுக்குத்தான் தப்பாப் போட்டேன். வேணும்னேதான் குறைச்சுப் போட்டேன். அதை என் கையால திருத்தணும்."

திரிபுரசுந்தரியின் பேனா நின்றது. இரண்டு நாளாக ஊருக்கெல்லாம் மெட்டில்டாவின் பெருமையைப் பாடிய வாய் திறந்தபடியே இருந்தது. ஞானையா காபி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"என்னம்மா சொல்றீங்க? பெத்த மகளுக்கு மார்க் ஏத்தப்போறீங்களா? அதுவும் என் முன்னாலேயே?"

"ஆமா சார்."

"பேனாவைத் திறந்தீங்கன்னா, நாளைக்கு நான் இதைப் பத்தி மேலே எழுத வேண்டிவரும். புரிஞ்சுதான் செய்யறீங்களா?"

ரத்தினபாய் அம்மாள் யாரையும் பார்க்காமல் மேஜை டிராயரை இழுத்தார். காலையில் வாங்கி வைத்திருந்த ஹில்டாவின் விடைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெட்டில்டாவின் பக்கம் அதைத் தள்ளவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மெட்டில்டா பேனா மூடியைக் கழற்றினாள். வட்டத்துக்குள் இருந்த முப்பத்து மூன்றை அடித்தாள். பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதத் தொடங்கியபோது, பின்னால் வாசற்படியில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"அம்மா" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

அந்த வளாகத்துக்குள் ஹில்டா அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.